ஈற்றில் கத்தி படாமல்

1844 டிசம்பர் 11. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் அன்று நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தைய நாள் ஊரில் நடந்த கேளிக்கைக் காட்சி ஒன்றில், நைட்ரஸ் ஆக்சைடு என்ற சிரிப்பூட்டும் வாயுவை உள்ளிழுத்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததை அவர் கவனித்திருந்தார். அதே வாயுவைத் தன்மேலேயே சோதித்துப் பார்க்கத் துணிந்துவிட்டார். காட்சி நடத்திய கார்ட்னர் கோல்டன் வாயுவைக் கொடுக்க, வெல்ஸின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர் ஜான் ரிக்ஸ். வலியில்லாமல் பல் பிடுங்க முடியும் என்று அன்று தெரிந்தது.

மயக்க மருந்தின் வரலாற்றில் ரிக்ஸுக்கு அந்த ஒரு வரிதான் இடம். அவருடைய வாழ்நாள் வேலையோ இதற்கு நேர் எதிரானது. ஆடுகிற பல்லைப் பிடுங்க வேண்டாம், வீங்கிய ஈற்றை வெட்டவும் வேண்டாம். ஈற்றுக்கு அடியில் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் நோய் நிற்கும் என்று அவர் வாதாடினார். அவர் காலத்துச் சக மருத்துவர்கள் பலருக்கு இது பிடிபடவில்லை. அவர் சொன்னது ஏன் சரி என்று சோதனையால் நிரூபிக்க 1965 வரை ஆயிற்று.

ஈறு நோய்க்குச் சுரண்டுவதே வைத்தியம் என்பதைக் கை முதலில் கண்டுகொண்டது. காரணத்தை அறிவு கண்டுபிடித்தது வெகு பின்னால். இடையில் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள்.

நோய் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நல்ல நிலையில் உள்ள வாயில் பல்லுக்கும் ஈற்றின் விளிம்புக்கும் நடுவே ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். பல்லின்மேல் ஓயாமல் படிகிற கிருமிப் படலம் அங்கே தங்கினால் ஈறு சிவந்து வீங்குகிறது. பல் துலக்கும்போது ரத்தம் கசிகிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தில் ஏறி இறுகினால் அதுதான் காரை. இந்த நிலை வரை சுத்தம் செய்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அதைத் தாண்டி, பல்லைத் தாடையோடு பிணைத்திருக்கும் நார்களும் எலும்பும் கரையத் தொடங்கினால் பள்ளம் ஆழமாகிப் பையாகிறது, சீழ் பிடிக்கிறது, பல் ஆடுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் ஆட ஆரம்பித்த பிறகே ஆட்கள் மருத்துவரிடம் வருகிறார்கள்.

பதினான்கு சுரண்டிகள்

ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை ஈற்றில் வரும் நோய்களை மட்டும் 15 என்று பிரித்து எண்ணுகிறது. ஆனால் காரையைச் சுரண்டும் வேலையைப் படிப்படியாக, கருவிகளின் படத்தோடு எழுதிவைத்தவர் என்றால் அபுல் காசிம் அல் ஸஹ்ராவியைத்தான் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் கோர்டோபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர். 1013 வாக்கில் இறந்தார். முப்பது பகுதிகள் கொண்ட 'அத் தஸ்ரீஃப்' என்ற அவருடைய மருத்துவ நூலின் கடைசிப் பகுதி அறுவை மருத்துவத்தைப் பற்றியது. பல் சுரண்டும் அத்தியாயம் அதில்தான் இருக்கிறது.

பல்லின் உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் ஈறுகளுக்கு இடையிலும் சொரசொரப்பான படிவுகள் சேர்கின்றன, கறுப்பாகவும் மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுகின்றன, அந்தக் கெடுதி பிறகு ஈற்றுக்குப் பரவுகிறது என்று அவர் விளக்குகிறார். நோயாளியின் தலையை மருத்துவர் தன் மடியில் வைத்துக்கொண்டு, படிவு துளியும் மிஞ்சாதபடி சுரண்ட வேண்டும். ஒரே நாளில் முடியாவிட்டால் மறுநாள், அதற்கும் மறுநாள் என்று தொடர வேண்டும். உள்பக்கம் சுரண்டும் கருவி வெளிப்பக்கத்துக்கு உதவாது, பல் இடுக்குக்கு இன்னொன்று தேவை என்று பதினான்கு விதமான சுரண்டிகளை அவர் வரைந்து காட்டினார். 12ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு இந்த அறுவைப் பகுதியை லத்தீனில் பெயர்த்தபின் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல தலைமுறைகளுக்கு இதைப் படித்தார்கள்.

காரை ஈற்றைக் கெடுக்கிறது என்பது அல் ஸஹ்ராவிக்குத் தெரிந்திருந்தது. காரைக்குள் உயிர் இருக்கிறது என்பதைக் காண 1683 வரை பொறுக்க வேண்டியிருந்தது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி அந்தோணி வான் லேவன்ஹுக், தானே தேய்த்த கண்ணாடி வில்லைகளால் உலகைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த ஆண்டு செப்டம்பர் 17 தேதியிட்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் தன் பற்களைப் பற்றி எழுதினார். தினமும் காலையில் உப்பால் பல் தேய்த்து, வாய் கொப்பளித்து, கடைவாய்ப் பற்களைக் குச்சியால் குத்தி, துணியால் அழுத்தித் துடைப்பது அவர் வழக்கம். அப்படியும் பல் இடுக்கில் மாவு போல வெள்ளையாக ஏதோ தங்கியது. அதை மழைநீரில் கலந்து பார்த்தால் உள்ளே குட்டி உயிர்கள் துள்ளித் திரிந்தன. இரண்டு பெண்கள், எட்டு வயதுக் குழந்தை ஒன்று, வாழ்நாளில் பல்லே துலக்காத கிழவர் ஒருவர் என்று அடுத்தவர் வாய்களையும் சோதித்தார். கிழவரின் வாயில் இருந்த கூட்டத்துக்கு அளவே இல்லை. சில ஆண்டுகள் கழித்துத் தன் முன்பற்களில் அந்த உயிர்கள் அருகிப்போனதைக் கண்டு, தான் குடிக்கும் சூடான காப்பிதான் காரணமோ என்று யோசித்தார். அந்த உயிர்களையும் ஈறு நோயையும் முடிச்சுப் போடும் வேலை அடுத்த நூற்றாண்டுகளுக்கு மிஞ்சியது.

1728இல் பாரிஸில் பியர் ஃபோஷார் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட நூல் பல் மருத்துவத்தைத் தனித் தொழிலாக்கியது. பல்லில் புழு இருக்கிறது என்ற பழைய நம்பிக்கையை, நுண்ணோக்கியில் தேடியும் புழு எதையும் காணோம் என்று சொல்லி அவர் ஒதுக்கினார். காரை எடுக்கும் கருவிகளையும் படத்துடன் விளக்கினார். 1819இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லெவி ஸ்பியர் பார்ம்லி, பிரஷ் எட்டாத பல் இடுக்குகளில் மெழுகு தடவிய பட்டு நூலை விட்டு இழுக்கச் சொன்னார். இன்றைய ஃபிளாஸ் நூலின் தொடக்கம் அதுதான்.

ரிக்ஸ் கட்சியும் எதிர்க்கட்சியும்

ரிக்ஸ் தொழில் செய்த காலத்தில் ஈற்றில் சீழ் வடிந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்தார்கள். ஒன்று பல்லைப் பிடுங்கினார்கள். அல்லது ஈற்றை அறுத்தோ மருந்தால் சுட்டோ பார்த்தார்கள். இது உடம்பின் உள்ளே ஏதோ கெட்டுப்போனதன் அடையாளம் என்று நம்பியவர்களும் நிறையப் பேர். ரிக்ஸ் இதை ஏற்கவில்லை. கோளாறு பல்லின் மேற்பரப்பில் இருக்கிறது, ஈற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும் காரைதான் குற்றவாளி என்றார். இதற்கென்றே வளைத்துச் செய்த கருவிகளை ஈற்றுக்குள் இறக்கி, வேர்மேல் உள்ள காரையை எடுத்து, மேற்பரப்பை வழவழப்பாக்கினார். 1876இல் இந்த முறையைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். அமெரிக்காவில் அந்த நோய்க்கே 'ரிக்ஸ் நோய்' என்று பெயர் விழுந்தது. பிறகுதான் பயோரியா என்ற பெயர் பரவியது.

1885இல் ரிக்ஸ் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வியன்னாவில் ராபிசெக் என்பவர், பையின் சுவராக நிற்கும் ஈற்றை வெட்டி எடுத்துவிடும் அறுவையை விவரித்திருந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனின் லியோனார்டு விட்மனும் ஜெர்மனியின் ராபர்ட் நாய்மனும் ஈற்றைக் கீறி மடல்போலத் திறந்து, உள்ளே சுத்தம் செய்து தைக்கும் முறைகளை வகுத்தார்கள். கத்தி, சுரண்டி என்று இரண்டு பாதைகள் அப்போதே பிரிந்துவிட்டன.

சுரண்டியின் பாதையைத் தொழிலாகவே ஆக்கியவர் அதே கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரத்து ஆல்ஃபிரட் ஃபோன்ஸ். பல் கெட்டபின் அடைப்பதைவிடக் கெடாமல் பார்ப்பது மேல் என்று நினைத்தவர். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் பல் சுத்தம் செய்ய மருத்துவருக்கு நேரம் எங்கே? 1906இல் தன் உதவியாளரும் உறவுக்காரருமான ஐரீன் நியூமனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913இல் தன் மருத்துவமனையை ஒட்டிய வண்டிக் கொட்டகையை வகுப்பறையாக மாற்றிப் பள்ளி தொடங்கினார். ஆசிரியைகள், செவிலியர், பல் மருத்துவர்களின் மனைவிமார் என்று சேர்ந்தவர்களில் 27 பேர் 1914இல் முதல் அணியாகத் தேறினார்கள். அவர்களில் பலர் பிரிட்ஜ்போர்ட் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்து, துலக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். 1917இல் மாநிலம் முதல் உரிமத்தை வழங்கியது. அதைப் பெற்றவர் ஐரீன் நியூமன்.

ஆனால் அந்த ஆண்டுகளில் பெரிய காற்று வேறு திசையில் வீசியது. 1910இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேசும்போது, கெட்ட பற்களின்மேல் தங்கத்தைக் கவிழ்த்து வைக்கும் அமெரிக்கப் பல் வேலையைச் சாடினார். வாயில் உள்ள சீழ்தான் மூட்டுவலி முதல் ரத்தசோகை வரை பல நோய்களுக்கு ஊற்று என்ற கருத்து தீயாகப் பரவியது. காரணம் தெரியாத நோய் எதுவானாலும் பல்லைப் பிடுங்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. நியூ ஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன், பைத்தியத்துக்கும் இதுவே காரணம் என்று நோயாளிகளின் பற்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடுங்க வைத்தார். இந்த மோகம் தணிய 1930கள் ஆயின. காப்பாற்றியிருக்கக் கூடிய எத்தனையோ பற்கள் அதற்குள் வாளிக்குப் போயிருந்தன.

பயோரியா பயத்தைக் காசாக்கியவர்களும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குப் பயோரியா வரும் என்று 1920களில் ஃபோர்ஹான்ஸ் பற்பசை அமெரிக்கப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தது. ஈற்றுக்கென்றே ஒரு பல் மருத்துவர் உருவாக்கியது என்ற விளம்பரத்தோடு அதே பெயர் பிறகு இந்தியக் கடைகளிலும் பல பத்தாண்டுகள் விற்றது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த டியூப் இன்னும் நினைவிருக்கும்.

அமீபாவிலிருந்து டூத்பிரஷ்ஷுக்கு

இந்த வரலாற்றில் வினோதமான மனிதர் சார்லஸ் பாஸ். நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்களை ஆராய்ந்தவர். பல் மருத்துவர் இல்லை. மலேரியாக் கிருமியை உடம்புக்கு வெளியே சோதனைக் குழாயில் வளர்த்துக் காட்டிய முதல் ஆளாக, ஃபாஸ்டர் ஜான்ஸோடு சேர்ந்து 1912 வாக்கில் பெயர் பெற்றார். அடுத்து இருவரும் ஈற்றுச் சீழை நுண்ணோக்கியில் பார்த்தபோது அங்கே அமீபா தென்பட்டது. வயிற்றுப்போக்குக்கு அமீபா காரணமானால் அதற்கு எமெட்டின் மருந்து. அப்படியானால் பயோரியாவுக்கும் எமெட்டின் ஊசி போதாதா? 1915இல் இருவரும் இதைப் புத்தகமாகவே போட்டார்கள். சில மாதங்களுக்கு மருத்துவ உலகம் பரபரத்தது. பிறகு, அமீபா நோய்க்குக் காரணமல்ல, சீழில் பிழைக்க வந்த விருந்தாளி என்று தெரிந்ததும் எமெட்டின் கைவிடப்பட்டது.

பாஸ் அத்தோடு ஒதுங்கியிருக்கலாம். 1940இல் மருத்துவக் கல்லூரி முதல்வர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் மறுபடியும் பல்லுக்கே திரும்பினார். பிடுங்கிய பற்களைச் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தவருக்கு, கேடு தொடங்கும் இடம் புலப்பட்டது. ஈற்றின் விளிம்பிலும் அதற்குச் சற்று அடியிலும், பல் இடுக்கிலும்தான் கிருமிப் படலம் கெட்டியாக ஒட்டியிருந்தது. அப்போது கடைகளில் கிடைத்த பிரஷ்களின் தடித்த முரட்டு இழைகள் பல்லின் முகத்தைத்தான் தேய்த்தன; விளிம்புக்குள் நுழையவில்லை, ஈற்றையும் கீறின.

நைலான் இழை டூத்பிரஷ் 1938இல்தான் சந்தைக்கு வந்திருந்தது. அதற்குமுன் பன்றி மயிர்தான். அந்த நைலானை வைத்து ஒரு பிரஷ் எப்படி இருக்க வேண்டும் என்று பாஸ் 1948இல் அளவெடுத்து எழுதினார். இழை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு தடிமன். நுனி உருண்டையாக மழுங்கியிருக்க வேண்டும். தலை நேராக இருக்க வேண்டும். பிரஷ்ஷை ஈற்றின் விளிம்பில் 45 பாகைச் சாய்வில் வைத்து, இழை நுனி விளிம்புக்குள் இறங்கும்படி அழுத்தி, இருந்த இடத்திலேயே சிறிதாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஃபிளாஸ் நூலுக்கும் இதே போல இலக்கணம் எழுதினார். இன்றைக்குப் பல் மருத்துவக் கல்லூரிகளில் 'பாஸ் முறை' என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அமீபாவைத் துரத்தித் தோற்றவர் 1975இல், நூறு வயதை ஒட்டி இறந்தார்.

பன்னிரண்டு பேரும் 480 பேரும்

இவ்வளவு நடந்தும் அடிப்படைக் கேள்விக்கு விடை இல்லை. கிருமிப் படலம்தான் ஈறு நோயைக் கொண்டுவருகிறதா, அல்லது நோய் வந்த ஈற்றில் படலம் சேர்கிறதா? டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் நார்வேக்காரர் ஹரால்டு லோவும் அவருடைய குழுவும் இதற்கு எளிய சோதனை ஒன்றை யோசித்தார்கள். நல்ல ஈறு உடைய 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. படலத்தில் முதலில் உருண்டைக் கிருமிகள், பிறகு இழைகள், கடைசியில் சுருள் வடிவக் கிருமிகள் என்று குடியேறும் வரிசையும் தெரிந்தது. மறுபடி பல் துலக்கச் சொன்னதும் ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. 1965இல் வெளியான இந்த ஆய்வோடு வாதம் முடிந்தது. ஐந்தாண்டு கழித்து லோவும் சக ஆய்வாளர் ஷியோட்டும், 0.2 சதவீதக் குளோரெக்சிடின் கரைசலால் தினம் இருமுறை கொப்பளித்தால் பிரஷ்ஷே தொடாவிட்டாலும் படலம் சேராது என்று காட்டினார்கள். பல்லில் கறை படியும் என்பதால் அதை நீண்ட நாளுக்கு யாரும் பரிந்துரைப்பதில்லை.

மூன்று வாரத்தில் வரும் வீக்கம் சரி. முப்பது ஆண்டுகள் யாருமே தொடாமல் விட்டால் என்ன ஆகும்? இதற்கு லோ தேர்ந்த இடம் இலங்கையின் மலையகம். நுவரெலியா மாவட்டம் பூண்டுலோயாவில் டன்சினன், ஹாரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்கள். 1970இல் அங்கே வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைக் குழு பரிசோதித்தது. எல்லோரும் தமிழர்கள், தென்னிந்தியாவிலிருந்து தேயிலைக்காகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததி. உடம்பு திடம், சாப்பாடும் மோசமில்லை. ஆனால் பல் வைத்தியம் என்ற ஒன்று அவர்கள் குடியிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, எட்டிப் பார்த்ததே இல்லை, பிரஷ் பிடித்துப் பல் துலக்கும் பழக்கமும் கிடையாது. ஒப்பிட ஆஸ்லோ நகரத்து நடுத்தர வர்க்க ஆண்கள் 565 பேரை 1969இலேயே பார்த்து வைத்திருந்தார்கள். சிறு வயது முதல் ஒழுங்காகப் பல் மருத்துவம் பெற்றவர்கள் அவர்கள்.

தோட்டத்துக்கு ஆய்வாளர்கள் 1985 வரை திரும்பத் திரும்ப வந்தார்கள். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அந்த மக்களுக்கு நேர்ந்தது கொஞ்சமல்ல. ஏற்கெனவே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறை மலையகத்தையும் உலுக்கியது. 1985இல் கணக்கெடுத்தபோது 480 பேரில் பரிசோதனைக்குக் கிடைத்தவர்கள் 161.

1986இல் முடிவுகள் வெளியாயின. எல்லோர் பல்லிலும் படலம், எல்லோருக்கும் காரை, எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. சொத்தைப் பல் மட்டும் அநேகமாக இல்லை. விழுந்த பல் எல்லாம் ஈறு நோயால் விழுந்தவை. ஆனால் நோய் எல்லோரையும் ஒரே வேகத்தில் தின்னவில்லை. 8 சதவீதம் பேருக்குப் பல்லைத் தாடையோடு பிணைக்கும் பிடிமானம் மளமளவென்று கரைந்தது. 35 வயதில் சராசரி இழப்பு 9 மில்லிமீட்டர், 45 வயதில் 13 மில்லிமீட்டர். பல் வேரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான். 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். 35 வயதில் 4, 45 வயதில் 7 மில்லிமீட்டர். மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, 35 வயதிலும் இழப்பு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அதே அழுக்கு, அதே காரை, ஆனால் பல் உறுதியாக நின்றது.

இந்த எண்கள் உலகப் பாடநூல்களில் ஏறின. படலம் இல்லாமல் நோய் இல்லை, ஆனால் படலம் இருப்பவர் எல்லோருக்கும் பல் விழுவதும் இல்லை. மிச்சத்தைத் தீர்மானிப்பது ஆளுடைய உடம்பு என்பது இங்கிருந்துதான் துலங்கியது. புகைப்பதும் கட்டுப்படாத சர்க்கரை நோயும் ஈறு நோயை முடுக்கிவிடும் என்று பிற்காலத்து ஆய்வுகள் காட்டின. 2010இல் ஆய்வாளர்கள் மீண்டும் தோட்டத்துக்குப் போனபோது, நாற்பது ஆண்டுக்கு முன் வாய் திறந்து காட்டியவர்களில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. மருத்துவமே எட்டாமல் ஈறு நோய் தன் போக்கில் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நீண்ட பதிவு கிடையாது. யாருக்கும் கிட்டாத அந்தப் பதிவு கிடைத்தது, அந்த மக்களுக்கு மருத்துவம் கிட்டாததால்.

கத்தியைச் சோதித்தார்கள்

நோய் இயல்பாகப் போனால் எப்படி என்று பூண்டுலோயா காட்டிக்கொண்டிருந்தபோது, தடுத்தால் எப்படி என்று ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரம் காட்டியது. பெர் ஆக்சல்சனும் யான் லிண்டேயும் 1970களின் தொடக்கத்தில் 375 பேரைச் சேர்த்து, முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்தார்கள். வந்தவருக்குப் பல் துலக்கும் விதத்தைக் கண்ணெதிரே திருத்தி, பல் இடுக்கு உட்பட எல்லாவற்றையும் சுத்தம் செய்து அனுப்பினார்கள். வேறு 180 பேருக்கு வழக்கமான பல் வைத்தியம் மட்டும் நடந்தது. ஆறு ஆண்டு முடிவில் முதல் கூட்டத்தாரின் ஈற்றுப் பிடிமானம் குறையவே இல்லை. மற்றவர்களுக்கோ தொடர்ந்து குறைந்தது, சொத்தையும் கூடியது. அதற்குமேல் அவர்களை அப்படியே விட்டு வேடிக்கை பார்ப்பது நியாயமல்ல என்று ஒப்பீட்டை நிறுத்திவிட்டு, முதல் கூட்டத்தை மட்டும் முப்பது ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருவருக்குச் சராசரியாக இழப்பு இரண்டு பல்கூட இல்லை.

ஏற்கெனவே நோய் முற்றியவர்களுக்கு? அங்கே அறுவைதான் வழி என்று பல ஆண்டுகள் பாடம் நடந்தது. 1977இல் நைமன், லிண்டே, ரோஸ்லிங் மூவரும் ஐந்து வகை அறுவைகளை ஒப்பிட்டார்கள். அறுவைக்குப் பின் வாயைச் சுத்தமாகப் பராமரிக்காதவர்களுக்கு எந்த வகை அறுவை செய்தாலும் நோய் திரும்பியது. ஈறு இன்னும் கெட்டது. ஸ்வீடனின் மால்மோ நகரில் பாடர்ஸ்டன், நில்வியஸ், எகல்பெர்க் குழு 1981இலும் 1984இலும் கத்தி எடுக்காமலே, ஈற்றுக்கு அடியில் சுரண்டி மட்டும் ஒற்றை வேர்ப் பற்களைக் கவனித்தது. சில பைகளின் ஆழம் 12 மில்லிமீட்டர். அவையும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சுருங்கின. கைக்கருவியால் சுரண்டினாலும், 1950களில் வந்த அல்ட்ராசானிக் கருவியால் சுரண்டினாலும் பலன் ஒன்றே. 1987இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சிகுர்ட் ராம்ஃபியோர்டு, மூன்று வகை அறுவையையும் வெறும் சுரண்டலையும் ஐந்தாண்டு ஒப்பிட்டார். ஒழுங்காகத் திரும்ப வந்து பார்த்துக்கொண்டவர்களுக்குக் கத்தி கூடுதலாகப் பெரிதாக எதையும் தரவில்லை. மடிப்பும் பிளவுமாக வேர் பிரிகிற பின்பற்களில்தான் சுரண்டியின் கை எட்டாமல் போனது.

கத்தி வேண்டாம் என்ற பேச்சு வெளியே போகும்போது கொஞ்சம் உப்பும் சேர்ந்துகொண்டது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் பால் கீஸ் சாதாரண ஆளல்ல. பல் சொத்தை தொற்றக்கூடியது என்று 1960இல் ஃபிட்ஸ்ஜெரால்டோடு சேர்ந்து வெள்ளெலிகளைக் கொண்டு நிரூபித்தவர். 1970களின் பிற்பகுதியில் அவர் சொன்ன முறையில், நோயாளியின் ஈற்றிலிருந்து எடுத்த படலத்தை நுண்ணோக்கியில் காட்டி, கிருமி நெளிவதை அவரையே பார்க்க வைப்பார்கள். பிறகு சோடா உப்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் உப்பு கலந்து ஈற்றில் தேய்க்கச் சொல்வார்கள். தேவைப்பட்டால் டெட்ராசைக்ளின் மாத்திரை. அறுவைக்குப் பயந்த மக்கள் இதை ஆவலோடு பிடித்துக்கொண்டார்கள். ஈறு நோய் நிபுணர்களின் சங்கம் எதிர்த்தது. மினசோட்டா பல்கலைக்கழகம் உப்பு-பெராக்சைடு முறையை நான்கு ஆண்டுகள் சோதித்து 1989இல் முடிவு சொன்னது: வழக்கமான பற்பசையையும் பிரஷ்ஷையும்விட அதில் கூடுதல் பலன் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் மருத்துவர்கள் செய்த முறையான சுரண்டல்தான் குணம் தந்திருந்தது.

உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாக உலகச் சுகாதார அமைப்பு 2022இல் மதிப்பிட்டது. அது வயது வந்தவர்களில் ஏறக்குறைய 19 சதவீதம். தமிழ்நாட்டில் இவர்களில் ஒருவரிடம் ஸ்கேலிங், அதாவது காரை சுரண்டல், செய்துகொள்ளச் சொன்னால், பல் கிளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும், இடைவெளி விழுந்துவிடும் என்று பதில் வரும். பார்ப்பதற்கு அப்படித்தான் தோன்றும். காரை போனதும் வீக்கம் வடிந்து ஈறு சுருங்குகிறது. எலும்பு கரைந்து உண்டான இடைவெளியை அதுவரை காரைதான் அடைத்து மறைத்திருந்தது. ஆட்டமும் எலும்பு கரைந்தபோதே வந்துவிட்டது, காரை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தது. சுரண்டியபின் ஈறு பல்லை இறுக்கிப் பிடிக்கச் சில வாரங்கள் ஆகும்.

ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சிகிச்சையை நான்கு படிகளாக வைத்தது. முதல் படியில் நோயாளி தன் கையால் படலத்தை எடுக்கக் கற்றுக்கொள்கிறார், புகைப்பதைக் கைவிடுகிறார், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருகிறார். ஈற்றுக்கு மேலே தெரியும் காரையை மருத்துவர் எடுக்கிறார். இரண்டாம் படியில் ஈற்றுக்கு அடியில் சுரண்டல். பிறகு பைகளின் ஆழத்தை மறுபடி அளக்கிறார்கள். நான்கைந்து மில்லிமீட்டர் மிஞ்சிய இடங்களில் திரும்பவும் சுரண்டல்; ஆறு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் மிஞ்சிய இடங்களுக்கு மட்டும் மூன்றாம் படியில் கத்தியைப் பற்றி யோசிக்கலாம். நான்காம் படி, ஆளைப் பொறுத்து மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, பல் இருக்கும்வரை திரும்ப வருவது.